குழந்தை தப்பாக வாசிக்கவில்லை: ஒன்றாம், இரண்டாம் வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களே,

ஜூன் மாதம் அழுதுகொண்டே உங்கள் வகுப்புக்கு வந்து சேரும் குழந்தைக்கு அ, ஆ தெரியாமல் இருக்கலாம். தமிழ் இலக்கணம் நன்றாகவே தெரியும். அதன் பேச்சைச் சற்று நேரம் கேட்டுப் பாருங்கள். சிரித்தான் என்பதை 'சிரிச்சான்' என்கிறது. படித்தான் 'படிச்சான்' ஆகிறது. நினைத்தான் 'நெனச்சான்', வைத்தான் 'வச்சான்'. ஆனால் எடுத்தான் என்பது அதன் வாயில் 'எடுச்சான்' ஆவதில்லை, எடுத்தானாகவே நிற்கிறது. கொடுத்தான் 'குடுத்தான்' ஆகும், 'குடுச்சான்' ஆகாது. படித்தானுக்கு ஒரு நியாயம், படுத்தானுக்கு வேறொரு நியாயம். வினைச்சொல்லில் முன்னால் இகரமோ ஐகாரமோ இருந்தால் 'த்த' என்பது 'ச்ச' ஆகும், உகரம் இருந்தால் ஆகாது என்ற விதியை அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை. அம்மாவும் ஆத்தாவும் பேசுவதைக் கேட்டுக் கேட்டுத் தானே கண்டுபிடித்துக்கொண்டது.

இன்னொன்றும் பாருங்கள். இலை 'எல' ஆகிறது, குடை 'கொட', நிலம் 'நெலம்'. கிளி மட்டும் கிளியாகவே இருக்கிறது, 'கெளி' ஆவதில்லை. குடி, குதி, புளி எல்லாம் அப்படியே. அடுத்த எழுத்தில் அகரமோ ஐகாரமோ வந்தால்தான் முதல் எழுத்தின் இகரமும் உகரமும் எகரமாகவும் ஒகரமாகவும் இறங்கும். இதையும் ஐந்து வயதுக் குழந்தை பிசகாமல் செய்கிறது. பேச்சுத் தமிழை ஆராய்ந்த மொழியியலாளர்கள் பல பக்கங்களில் எழுதி வைத்திருக்கும் விதிகள் இவை.

இதை உங்களிடம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கதை வாசித்துக் காட்டவும் குழந்தைகள் வாசிப்பதைக் கேட்கவும் தொடக்கப் பள்ளிகளுக்கு அவ்வப்போது போகிறேன். ஒரு வகுப்பில் ஒரு சிறுமி இரண்டு வரி வாசித்தாள். பக்கத்தில் இருந்தது, 'மழை பெய்தது. குடை எடுத்தாள்.' அவள் வாசித்தது, 'மழ பேஞ்சுது. கொட எடுத்தா.' அடுத்து ஒரு பையன் அதே வரிகளை ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டு, ம, ழை, பெ, ய், த, து என்று ஒன்றும் விடாமல் உச்சரித்து முடித்தான். "அவ என்ன எடுத்தா?" என்று கேட்டேன். அவனால் சொல்ல முடியவில்லை. மழை பெய்ததா வெயிலடித்ததா என்பதும் தெரியவில்லை. மதிப்பீட்டுத் தாளில் பையனுக்குச் சரி விழுந்தது. சிறுமிக்கு நான்கு சொற்களில் நான்கும் பிழை.

அந்தச் சிறுமி செய்ததை ஒருமுறை நிதானமாக நினைத்துப் பாருங்கள். கண் எழுத்தைப் பார்த்தது. எழுத்திலிருந்து சொல்லையும், சொல்லிலிருந்து பொருளையும் மனம் எடுத்தது. எடுத்த பொருளை அவள் தன் வீட்டு மொழியில் சொன்னாள். 'பெய்தது' என்ற எழுத்துகளைப் பார்த்து 'பேஞ்சுது' என்று சொல்ல வேண்டுமானால் முதலில் 'பெய்தது' என்பது என்னவென்று புரிந்திருக்க வேண்டும். எழுத்துக்கூட்டி மட்டும் அந்த இடத்துக்கு வந்து சேர முடியாது. வாசிப்பு என்று நாம் சொல்லும் வேலை முழுவதையும் செய்து முடித்த குழந்தை அவள். பையனுக்குத்தான் நம் உதவி வேண்டும். நம் தாளோ அவனைத் தேறியவர் பட்டியலில் சேர்த்து, உதவி கிடைக்கும் வழியை அடைத்துவிட்டது.

அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1960களில் நியூயார்க்கின் கறுப்பினக் குழந்தைகள் வாசிப்பதைக் கேட்டு இதையே சொன்னார். குழந்தை வாசித்ததில் எது வாசிப்புப் பிழை, எது வெறும் உச்சரிப்பு வேறுபாடு என்று ஆசிரியருக்குப் பிரித்தறியத் தெரிய வேண்டும். அது தெரியாமல் திருத்தினால், எதற்காகத் திருத்துகிறார்கள் என்றே குழந்தைக்குப் புரியாது. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு இது நீதிமன்றத்துக்கே போனது. மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில், மார்ட்டின் லூதர் கிங் பெயரில் இயங்கிய தொடக்கப் பள்ளியில் படித்த ஏழைக் கறுப்பினக் குழந்தைகளுக்காக அவர்களுடைய தாய்மார்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1979இல் நீதிபதி சார்ல்ஸ் ஜாய்னர் தீர்ப்பு சொன்னார். குழந்தைகளின் வீட்டு மொழி அவர்களுடைய வாசிப்புக்குத் தடையாக இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. ஆசிரியர்கள் அந்த மொழியை அறியாமலிருப்பதும், தங்களை அறியாமலேயே அதைத் தாழ்வாக நினைப்பதும்தான் தடை என்றார். ஆசிரியர்கள் அந்த மொழியைத் தெரிந்துகொண்டு வாசிப்பு கற்பிக்க ஏற்பாடு செய்யும்படி கல்வி வாரியத்துக்கு உத்தரவிட்டார். அந்த ஆசிரியர்கள் கெட்டவர்கள் என்று யாரும் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குழந்தைகள் மேல் அக்கறை உள்ளவர்கள்தான். அவர்களுடைய காது அப்படிப் பழகியிருந்தது.

காதுக்கு இப்படி ஒரு பழக்கம் இருப்பதை முதலில் சோதித்துக் காட்டியவர் கனடாவின் மான்ட்ரியல் நகரில் இருந்த உளவியலாளர் வாலஸ் லாம்பர்ட். 1960இல் வெளியான அந்த ஆய்வு எளிமையானது. இரண்டு மொழியும் சரளமாகப் பேசுகிறவர்களை ஒரே செய்தியை ஒருமுறை ஆங்கிலத்திலும் ஒருமுறை பிரெஞ்சிலும் வாசிக்கச் செய்து பதிவு செய்தார். கேட்பவர்களிடம் இது ஒரே ஆள் என்று சொல்லவில்லை. குரலை வைத்து அந்த ஆளின் அறிவு, நம்பகத்தன்மை, தோற்றம், உயரம் எல்லாவற்றையும் மதிப்பிடச் சொன்னார். ஆங்கிலம் பேசியபோது உயர்ந்த மதிப்பெண் பெற்ற அதே மனிதர், பிரெஞ்சு பேசியபோது தாழ்ந்துபோனார். ஆங்கிலம் பேசும் மாணவர்கள் அப்படி மதிப்பிட்டதில் வியப்பில்லை. பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர்களும் தங்கள் மொழிக் குரலைத் தாழ்த்தியே மதிப்பிட்டார்கள். என்னை இந்த ஆய்வில் உலுக்குவது அதுதான். தன் தாய் பேசுவது மட்டம் என்ற எண்ணம் வெளியாரிடமிருந்து வந்து உள்ளே குடியேறிவிடுகிறது. எந்த வயதில் குடியேறுகிறது? நம் ஊரைப் பொறுத்தவரை பதில் எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். பள்ளியில் சேர்ந்த முதல் வருடத்தில்.

நம் வகுப்பறைகளில் எல்லாப் பேச்சும் ஒரே மாதிரி திருத்தப்படுவதில்லை என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். நகரத்துக் குழந்தை 'சொன்னாங்க, வந்தாங்க' என்றால் காதில் உறுத்துவதில்லை. ஆசிரியரும் அப்படித்தான் பேசுகிறார். மதுரைப் பக்கத்துக் குழந்தை "அப்பா வஞ்சாரு" என்றால் திரும்பிப் பார்க்கிறோம். நெல்லைக் குழந்தை "ஏசுனாங்க" என்றால் சிரிப்பு வருகிறது. வைதலும் ஏசுதலும் பழைய இலக்கியத்தில் புழங்கிய சொற்கள். கரிசல் காட்டுச் சொற்களுக்கென்றே கி. ராஜநாராயணன் ஓர் அகராதி தொகுத்தார். அந்தச் சொற்களோடு வரும் குழந்தையைத்தான் நாம் "ஒழுங்காப் பேசு" என்கிறோம். சேரியிலிருந்தும் மலையிலிருந்தும் வரும் குழந்தைகளுக்கு இது இன்னும் அதிகமாக நடக்கிறது. அங்கே திருத்தப்படுவது ஒலி மட்டும்தானா என்ற கேள்வியை ஒவ்வொருவரும் தனியாக உட்கார்ந்து தம்மையே கேட்டுக்கொள்வது நல்லது.

இலக்கணம் படித்தவர்கள் நீங்கள். முற்றுப்போலிக்கு எடுத்துக்காட்டு கேட்டால் உடனே சொல்வீர்கள்: ஐந்து, அஞ்சு. எல்லா எழுத்தும் மாறியும் பொருள் மாறாமல் நிற்பதால் அது முற்றுப்போலி. ஆறாம் வகுப்புக்கு மேல் இலக்கணமாக நாம் கற்பிக்கும் 'அஞ்சு', ஒன்றாம் வகுப்பில் ஒரு குழந்தை வாயில் வந்தால் பிழையாகிவிடுகிறது. தொல்காப்பியத்தின் பாயிரம், நூலாசிரியர் உலக வழக்கையும் செய்யுள் வழக்கையும் ஆராய்ந்து நூல் செய்தார் என்கிறது. இரண்டையும் கேட்கும் காது நம் மரபில் தொடக்கத்திலேயே இருந்திருக்கிறது.

அப்படியானால் எழுத்துத் தமிழே வேண்டாமா, குழந்தை எப்படிப் பேசுகிறதோ அப்படியே எழுதட்டுமா என்று நீங்கள் கேட்கலாம். என் பதில், எழுத்துத் தமிழ் கட்டாயம் வேண்டும் என்பதே. நாகர்கோவில் குழந்தையும் யாழ்ப்பாணத்துக் குழந்தையும் ஒரே பக்கத்தை வாசிக்க முடிவது எழுத்துத் தமிழால்தான். அதைக் கற்றுக்கொள்ளாத குழந்தைக்கு நாளை செய்தித்தாள் இல்லை, விண்ணப்பப் படிவம் இல்லை, நூலகம் இல்லை. உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபடுவது, எழுத்துத் தமிழை எந்த வழியில் கொடுப்பது என்பதில் மட்டும்தான்.

உலகில் இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. 1959இல் சார்ல்ஸ் ஃபெர்குசன் இரட்டை வழக்கைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் அரபு, கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹெய்ட்டி கிரியோல் ஆகியவற்றை எடுத்துக்கொண்டார். பேசுவது ஒன்று, எழுதுவது ஒன்று என்ற நிலை அங்கெல்லாம் இருந்தது. எழுத்து வழக்கின் மேல் மக்கள் வைக்கும் பக்தி எவ்வளவு ஆழமானது என்பதற்குக் கிரேக்கத்தில் ஒரு துயரமான சாட்சி உண்டு. 1901இல் பைபிளின் நற்செய்தி நூலை மக்கள் பேசும் கிரேக்கத்தில் ஒரு நாளிதழ் வெளியிட்டதற்காக ஏதென்ஸ் தெருக்களில் கலவரம் நடந்து எட்டுப் பேர் இறந்தார்கள். பிறகு 1976இல்தான் கிரேக்க அரசு மக்கள் மொழியைக் கல்வி மொழியாக்கியது. நாம் அந்த வழியில் போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நமக்குப் பயன்படுவது அரபு வகுப்பறைகளில் கிடைத்த பாடம்.

அரபுக் குழந்தை வீட்டில் பேசுவது ஒரு வழக்கு, புத்தகத்தில் இருப்பது வேறு. பேச்சில் இல்லாத ஒலிகள் எழுத்தில் வரும்போது குழந்தைகள் அதிகம் தடுமாறுகிறார்கள் என்று எலினோர் சாயெக்-ஹத்தாத் 2003இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. சரி, அதற்கு என்ன செய்வது? புத்தக அரபு சின்னக் குழந்தைக்குப் புரியாது என்றுதான் அங்கும் எல்லோரும் நம்பினார்கள். கதைப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே, வரிக்கு வரி பேச்சு அரபில் மாற்றிச் சொல்வார்கள். இதை டினா ஃபீட்டல்சனும் அவரோடு இருந்தவர்களும் சோதித்துப் பார்த்தார்கள். இஸ்ரேலில் உள்ள அரபு மழலையர் வகுப்புகள் சிலவற்றில், ஆசிரியர்கள் சில மாதங்களுக்குத் தினமும் கதைகளைப் புத்தக அரபிலேயே வாசித்துக் காட்டினார்கள். 1993இல் முடிவுகள் வந்தன. அந்தக் குழந்தைகள் புத்தக மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்வதிலும், படம் பார்த்துக் கதை சொல்வதிலும் மற்ற குழந்தைகளைவிட முன்னால் இருந்தார்கள். எழுதப் படிக்கத் தொடங்கும் முன்பே காது வழியாக அந்த மொழி உள்ளே போயிருந்தது.

நாம் செய்வது பெரும்பாலும் இதற்குத் தலைகீழ். எழுத்துத் தமிழைக் குழந்தையின் காதுக்குக் கொடுக்காமல் நேராகக் கண்ணுக்குக் கொடுக்கிறோம். அன்றாடம் அதற்கு எழுத்துத் தமிழ் கேட்கும் இடங்கள் மிகக் குறைவு. தொலைக்காட்சிச் செய்தி, ரயில் நிலைய அறிவிப்பு, பள்ளி வந்த பிறகு காலைக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து. அதற்குமேல் ஒன்றுமில்லை. 'சென்றான்' என்ற சொல்லை ஒருமுறைகூடக் காதால் கேட்காத குழந்தை அதைப் பக்கத்தில் பார்த்து எழுத்துக்கூட்டுகிறது. கூட்டி முடித்த பிறகு, 'ஆமாம், இது நமக்குத் தெரிந்த சொல்' என்று உள்ளே மணி அடிக்க வேண்டும். அடிப்பதில்லை. கேள்விக்குப் பதில் சொல்லாமல் நின்ற அந்தப் பையனுக்கு நடந்தது அதுதான்.

ஆகவே முதல் வேண்டுகோள். தினமும் பத்து நிமிடம் கதை வாசித்துக் காட்டுங்கள். புத்தகத்தில் இருக்கிறபடியே, 'சென்றான், கண்டாள், கூறியது' எல்லாவற்றோடும், குரலில் உயிரோடு. நடுவில் நிறுத்தி வரிக்கு வரி பேச்சுக்கு மாற்ற வேண்டாம். முகபாவமும் படமும் கதையின் ஓட்டமும் பொருளைக் கொண்டு போய்ச் சேர்த்துவிடும். கதை முடிந்த பிறகு குழந்தை திருப்பிச் சொல்லட்டும். அப்போது அது தன் பேச்சில் சொல்லும். அங்கே ஒரு சொல்லையும் திருத்த வேண்டாம்.

அடுத்தது கரும்பலகை. குழந்தை சொன்ன ஒரு வரியை அது சொன்னபடியே எழுதுங்கள்: 'பூன பால குடிச்சிருச்சு.' அதன் கீழே புத்தகத்தில் இருக்கும் வரியை எழுதுங்கள்: 'பூனை பாலைக் குடித்துவிட்டது.' இரண்டும் ஒரே சேதிதான், மேலே இருப்பது நாம் பேசுவது, கீழே இருப்பது புத்தகம் பேசுவது என்று மட்டும் சொல்லிவிட்டு, என்னென்ன மாறியிருக்கிறது என்று அவர்களையே தேட விடுங்கள். 'பூன'வுக்குப் 'பூனை' என்றால் 'யான'வுக்கு என்ன, 'தல'க்கு என்ன என்று குழந்தைகள் தாமே கேட்கத் தொடங்குவார்கள். பேச்சில் இருப்பதும் எழுத்தில் இருப்பதும் தாறுமாறாக வேறுபடவில்லை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஒழுங்கான வழி இருக்கிறது என்று ஆறு வயதில் பிடிபட்டுவிட்டால், எழுத்துப் பிழைகளில் பாதிக்கு மருந்து கிடைத்ததாக நான் நினைக்கிறேன்.

எழுத்துப் பிழைகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவற்றில் பல பிழைகள் கூர்மையான காதின் அடையாளம். 'அவன் வந்தான்' என்பதைக் குழந்தை 'அவ வந்தா' என்று எழுதுகிறது. கவனக்குறைவு என்று தோன்றும். நீங்களே சொல்லிப் பாருங்கள். பேச்சில் கடைசி 'ன்' நாக்கு நுனியில் முழுதாக ஒலிப்பதில்லை. முன்னால் உள்ள உயிர் மூக்கு வழியாகப் போகிறது, அவ்வளவுதான். 'அவ' என்றால் அவள், மூக்கொலியோடு சொன்னால் அவன். குழந்தை பேச்சில் இந்த வேறுபாட்டைத் துல்லியமாகக் காட்டுகிறது. அந்த மூக்கொலிக்கு நம் எழுத்தில் குறியீடு இல்லை. கேட்டதை எழுத எழுத்துக் கிடைக்காத குழந்தை கிடைத்த எழுத்தோடு நிறுத்திக்கொள்கிறது. 'தொடை', 'துடை' இரண்டும் பேச்சில் 'தொட'தான். எதை எப்படி எழுதுவது என்று குழம்பாமல் என்ன செய்யும்? பக்கம் முழுவதும் சிவப்பு மையால் அடிப்பதற்குப் பதில் "நீ கேட்டது சரி, புத்தகத்துல இதை இப்படி எழுதுவோம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது பொய்யான ஆறுதலும் இல்லை. உண்மையிலேயே சரியாகத்தான் கேட்டிருக்கிறது.

சிங்கப்பூரை நினைத்தால் நம் கையில் இருப்பதன் மதிப்பு தெரியும். வீட்டில் ஆங்கிலம் பேசும் தமிழ்க் குடும்பங்கள் அங்கே கூடிக்கொண்டு போயின. 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு, பேச்சுத் தமிழையும் வகுப்பில் முறையாகக் கற்பிக்கப் பரிந்துரைத்தது. பேசத் தெரியாத மொழியை எழுத மட்டும் கற்றால் அது தேர்வோடு முடிந்துவிடும் என்ற கவலை அவர்களுக்கு. அங்கே பாடம் வைத்துக் கற்பிக்கும் பேச்சு, உங்கள் வகுப்பில் மழைநீர் மாதிரித் தானாக வந்து கொட்டுகிறது.

ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகளிலிருந்தும், நீலகிரியின் பழங்குடி ஊர்களிலிருந்தும், வடமாநிலத் தொழிலாளர் குடியிருப்புகளிலிருந்தும் வரும் குழந்தைகளுக்குப் பேச்சுத் தமிழே புதிது. அவர்களைப் பற்றித் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும். இந்த மடலில் சொன்னதை அவர்களுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது.

உங்கள் நெருக்கடி எனக்குத் தெரியும். 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துச் செயல்பாடுகள் நடத்துகிறீர்கள். மதிப்பீட்டைச் செல்பேசியில் ஏற்ற வேண்டும். இரண்டு வகுப்பை ஒரே ஆள் பார்க்கும் பள்ளிகளும் உண்டு. பார்வைக்கு வரும் அலுவலர் முன் குழந்தை 'கொட' என்று வாசித்தால் உங்களைத்தான் கேட்பார்கள். அதனால் கேட்கிறேன்: அந்த நேரத்தில் குழந்தையின் பக்கம் நில்லுங்கள். "ஐயா, அந்த வரியில என்ன நடந்துச்சுன்னு அவளைக் கேட்டுப் பாருங்க" என்று சொல்லுங்கள். அவள் பதில் சொல்வதை அவர் கேட்கட்டும். வாசிப்பு மதிப்பீட்டில் உச்சரிப்புக்கு ஒரு கட்டம், பொருளுக்கு ஒரு கட்டம் என்று இரண்டாகப் பிரித்துப் பதிய வழி வேண்டும் என்று குறுவள மையக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். ஒருவர் கேட்டால் புறந்தள்ளிவிடுவார்கள். ஒரு வட்டாரமே கேட்டால் எழுதிக்கொள்வார்கள்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் இருக்கும் சொல்லை உங்கள் ஊர்க் குழந்தை எப்படி வாசிக்கிறது, எப்படி எழுதுகிறது என்று நாளுக்கு இரண்டு மூன்று குறித்து வையுங்கள். கன்னியாகுமரியில் ஒன்று, கோவையில் ஒன்று, திருவண்ணாமலையில் ஒன்று என்று அவை சேரட்டும். தமிழ்க் குழந்தைகள் எழுத்தை எப்படிக் கேட்கிறார்கள் என்பதற்கு உங்களைவிட நெருக்கமான சாட்சி வேறு யாரும் கிடையாது. அடுத்த முறை ஒன்றாம் வகுப்புப் பாடநூலை எழுத உட்காருகிறவர்களின் மேசைக்கு அந்தக் குறிப்பேடுகள் போக வேண்டும்.

அன்புடன்,
தொடக்கப் பள்ளிகளில் கதை வாசிக்கும் ஒருவர்